கரியாலூரில் கருகிய லோடர்

அத்தியாயம் 7

"இதுக்கு வயரிங் பண்றதவிட கருமாதி பண்றது சுலபங்க" என்றான் பகலவன்.

பூமாலை சிரிக்கவில்லை. சவரம் காணாத முகமும் சேறு காய்ந்த வேட்டியுமாக நின்ற அந்தக் கான்ட்ராக்டர், சிரிப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டவர்போல இருந்தார். இரண்டு கைகளிலும் பழந்துணி சுற்றியிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஸ்டார்ட் ஆவணும். மழை வர்றதுக்குள்ள."

"மழைக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்? கொட்டாயிலதான நிக்குது?"

"வந்த வேலையப் பாருய்யா!"

அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. பகலவன் வாயை மூடிக்கொண்டு லோடரின் பக்கம் திரும்பினான்.

மலைமேல் கரியாலூரைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. அதற்குள் நின்ற இயந்திரத்துக்கு ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்று பெயர். ஊரில் குட்டி லோடர் என்பார்கள். ஆள் உட்காரும் இரும்புக் கூண்டு, முன்னால் மண் அள்ளும் பக்கெட், அதைத் தூக்க இருபுறமும் இரண்டு இரும்புக் கைகள், முதுகில் இன்ஜின். பெரிய இயந்திரங்கள் நுழைய முடியாத சந்திலும் புகுந்து, நின்ற இடத்திலேயே சுழன்று வேலை செய்யும். இது வயதான வண்டி. பெயிண்ட் போன இடமெல்லாம் ஏற்கெனவே துரு. இப்போது துருவின் மேல் கரி.

பின்கதவைத் திறந்தான். இன்ஜினிலிருந்து கூண்டுக்குப் போகும் வயர்க் கற்றை முழுவதும் வெந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புப் பாகாக இறுகிக் கிடந்தது.

"ஏய் பொண்ணு! டெஸ்ட் லேம்ப எட்து!" என்று குரல் கொடுத்தான்.

"இந்தாங்கண்ணா" என்று பணிவாக நீட்டினாள் எழில்மதி. சுடிதாருக்கு மேல் அவனுடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். கண்கள் மட்டும், ஆபீஸுக்கு வா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்றன.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள் எழில்மதி. பகலவன் அவளுடைய உதவியாளன். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன். முன்பு ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து, கடையை மூடிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன். பயம் வந்தால் அவனுக்கு நகைச்சுவையும் கூடவே வந்துவிடும். அன்று காலையிலிருந்து அவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

காரணம் அம்சவள்ளி. கருணாபுரத்துக் கூலிக்காரப் பெண். முந்தின நாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரச்சொல்லியும் வராமல் அழுதவள். அவள் கணவன் வீரமணிதான் இந்த லோடரை ஓட்டுபவன். மூன்று நாளாக ஆளையும் காணோம், போனும் அணைந்திருக்கிறது. குடித்துவிட்டு வண்டியைக் கொளுத்திவிட்டு ஓடிப்போனான் என்று பூமாலை அவளிடமும் சொல்லி, போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் இப்போது வீரமணியைத் தேடுவது காணாமல் போனவனாக அல்ல, குற்றவாளியாக.

"அவரு குடிய நிறுத்திட்டாருங்க" என்றாள் அம்சவள்ளி. "எங்க தெருவுல சாராயத்தக் குடிச்சிட்டு எத்தினி பேரு செத்தாங்க, உங்களுக்கே தெரியும். பக்கத்து வூட்டுப் பொணத்தத் தூக்கனவரு அவரு. அன்னிலேர்ந்து தொடலங்க. ஓடிப்போறவரா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் ஓடுவாரு."

அன்று காலை பகலவனின் பழைய கடை எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. பூமாலைதான். எரிந்த லோடருக்கு உடனே வயரிங் செய்ய வேண்டும் என்றார்.

"சந்தேகத்துக்குரிய ஆளே துப்பறியறவனுக்கு போன் போட்டு வரச் சொல்றதெல்லாம் நம்ம ஆபீஸ்லதான் நடக்கும்" என்றான் பகலவன். எழில்மதி அதற்குள் அவனுடைய காக்கிச் சட்டையைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

கீழே சாலை வளைவில், புளியமரத்தடியில் அவர்களுடைய ஆம்னி வேன் நின்றது. வரவே கூடாது என்று சொல்லியும் கேட்காத அம்சவள்ளி, அதன் பின்சீட்டில் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்திருந்தாள்.

பூமாலை கொட்டகைக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையில இன்னாங்க காயம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் எழில்மதி.

"ரசம் கொட்டிடுச்சி."

அவர் இன்னும் தள்ளிப் போனதும் பகலவன் முணுமுணுத்தான். "ரெண்டு உள்ளங்கையிலயுமா? ரசத்த ஏந்திக் குடிச்சாரா?"

"மேல பாருங்கண்ணா."

அண்ணாந்து பார்த்தான். லோடருக்கு நேர் மேலே, தகரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில், பழைய தூசி படிந்த ஒட்டடை தொங்கியது. ஒரு இழைகூடக் கருகவில்லை.

"கீழ இவ்ளோ பெரிய நெருப்பு எரிஞ்சிருந்தா இந்த சிலந்தி இந்நேரம் கள்ளக்குறிச்சிக்கே ஓடியிருக்கும்" என்றான்.

"அப்ப இங்க எரியல. எரிஞ்ச பிறகு கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. இத ஆள் வச்சித் தள்ள முடியுமா?"

"முடியாது. இது சாதாரண வண்டி மாதிரி இல்ல. இன்ஜின் ஓடலன்னா சக்கரம் இறுகிக்கும், உருளாது. கட்டி இழுத்தாத்தான் உண்டு."

எழில்மதி கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கே பச்சை மரவள்ளிக் குச்சிகளைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். காலால் விலக்கினாள். அடியில் இரண்டு ஆழமான பள்ளங்கள், ஏர் உழுததுபோல, உண்ணிச்செடிப் புதருக்குள் போயின.

"நீங்க வேலையப் பாத்துக்கினே இருங்க" என்றாள். "வயரு இன்னா சொல்லுதுன்னு சொல்லுங்க."

பகலவன் தலையை இன்ஜினுக்குள் நுழைத்தான். முதலில் கையில் வந்தது மண். கைப்பிடி கைப்பிடியாகச் செம்மண், பேட்டரி மேலும் டைனமோ மேலும் அப்பிக் கிடந்தது.

"மண்ணப் போட்டு அணைச்சிருக்காங்க. கொளுத்திட்டு ஓடறவன் நின்னு அணைச்சிட்டா போவான்?"

"அப்புறம்?"

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, அவள் இருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பியை வளைத்துச் சொருகியிருந்தார்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ செய்த குறுக்குவழி. அதிலிருந்து போன வயர், இரும்புக் கை உராயும் இடத்தில் தேய்ந்து, உருகி, முனையில் மிளகு அளவுக்குச் செம்பு திரண்டிருந்தது.

"மேடம், இத எவனும் கொளுத்தல. வயரு தேஞ்சி இரும்புல பட்டிருக்கு. ஒழுங்கான ஃப்யூஸா இருந்தா அதோட போயிருக்கும். இந்தக் கம்பி போவாம நின்னு வண்டியவே எரிச்சிருக்கு."

"வீரமணி கொளுத்தலன்னு ஆயிடுச்சி."

"இருங்க, இதுதான் விசேஷம்." பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒரு வயரைச் சுட்டிக் காட்டினான். சுற்றியிருந்த எல்லாம் கரியாக இருக்க, அது மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தது. வெறும் கையால் முறுக்கி இணைத்திருந்தார்கள். டேப்கூடச் சுற்றவில்லை. முறுக்கிய இடத்தில் காய்ந்த ரத்தம். "இது எரிஞ்சதுக்கு அப்புறம் போட்டது. தொழில் தெரியாத கை. பேட்டரி சுத்தமா இறங்கிப் போச்சி, ஸ்டார்ட்டரு வெந்து நாறுது. நெருப்ப அணைச்ச சூட்டோட, இத ஸ்டார்ட் பண்ண யாரோ விடாம போராடியிருக்காங்க."

"யாருன்னு அவரோட உள்ளங்கை சொல்லுது" என்றாள் எழில்மதி. "ஏன்னுதான் தெரியல."

அப்போது பூமாலை கொட்டகையின் மூலைக்கு வந்தார். இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தூக்குவாளியில் வடிகட்டிய கஞ்சியை ஊற்றி, குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கொட்டி, குச்சியால் கலக்கினார். சுற்றியிருந்த துணி நனைந்து கை எரிந்திருக்க வேண்டும். முகம் கோணியது. ஆனாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"யாருக்குங்க?" என்றான் பகலவன்.

"நாய்க்கு."

அவர் புதருக்குள் மறைந்தார். பகலவன் காதைத் தீட்டிக் கேட்டான். காற்றில் மரவள்ளி இலை அசையும் சத்தம் மட்டுந்தான்.

"வந்ததுலேர்ந்து ஒரு குரைப்புகூடக் கேக்கல" என்றாள் எழில்மதி மெல்ல. "அவரு சாப்பிட்டு எத்தினி நாளாச்சோ, கன்னம் ஒட்டிக் கிடக்கு. அப்பிடிப்பட்ட ஆளு நாய்க்குக் கஞ்சிய வடிகட்டி, குளுக்கோஸ் கலக்கறாரு. ஆள அடைச்சி வச்சிருக்காரு. உள்ள இருக்கறவரால மெல்லக்கூட முடியல."

பகலவனின் வாய் வழக்கம்போல் திறந்தது. "நானும் வர்றேன். நீங்க மாட்டினா காப்பாத்த ஒரு ஆளு வேணும்ல?"

"உங்கள யாரு காப்பாத்துவா?"

"அதுக்குத்தான் நீங்க."

இழுத்து வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நடந்தார்கள். தடம் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே நுழைந்தது. லோடர் மட்டுமே புகக்கூடிய இடைவெளி. இருபுறமும் மஞ்சள் பெயிண்ட் உரசி ஒட்டியிருந்தது. அதைத் தாண்டியதும் பகலவன் நின்றுவிட்டான்.

மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள். பாதி எழும்பிய கான்கிரீட் தூண்கள், அடுக்கிய செங்கல். பிடுங்கி எறிந்த காட்டிலாகா எல்லைக்கல் ஒன்று குப்புறக் கிடந்தது. சமன் செய்த இடத்தின் பாதியை மேலிருந்து சரிந்த செம்மண் மூடியிருந்தது. வேரோடு வந்த மரம் அதில் சாய்ந்து நின்றது.

அந்த மண்மேட்டின் அடியில் பூமாலை மண்டியிட்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து கறுப்பு நிறச் சொட்டுநீர்க் குழாய் ஒன்று விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் புனலைச் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியை ஊற்றினார்.

"குடி வீரமணி" என்றார். "மெதுவா. பொறை ஏறப் போவுது."

பிறகு புனலை எடுத்துவிட்டு, குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

அடைத்து வைக்கப்பட்ட மனிதனைத்தான் தேடி வந்தார்கள். இவன் புதைந்து கிடக்கிறான்.

எழில்மதி வெளிப்பட்டாள். "அவரு எங்க இருக்காரு?"

பூமாலை ஓடவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தார்.

சொன்னது இதுதான். சரிவை வெட்டி வாடகைக் காட்டேஜ்கள் கட்டிக்கொண்டிருந்தார். காட்டிலாகா நிலம். அதனால் வேலைக்கு வீரமணியைத் தவிர வேறு ஆளில்லை. ஓடைத் தண்ணீர் போக பெரிய சிமெண்ட் பைப் ஒன்றைப் பதித்திருந்தார்கள். ஆள் குனிந்து உட்காரலாம். மழை பிடித்தபோது வீரமணி அதற்குள் ஒதுங்கினான். சரிவு அப்படியே இறங்கி இரண்டு வாயையும் அடைத்தது. தூண்களுக்குத் தண்ணீர் விட அந்தப் பைப் வழியாகத்தான் சொட்டுநீர்க் குழாயை ஏற்கெனவே இழுத்திருந்தார்கள். அந்தக் குழாய்தான் அவனுக்கு மூச்சு, அதுதான் சோறு.

"லோடர எட்து நானே தோண்டனேன். எனக்குச் சரியா ஓட்டத் தெரியாது. முக்க முக்க அடிச்சதுல பத்திக்கிச்சி. கையாலயே அணைச்சேன். மறுபடி ஸ்டார்ட் ஆவல. வயரிங் பண்ண ஆளு வந்தா இந்த எடத்தப் பாக்கக்கூடாதுன்னு, டிராக்டர பாறைக்கு அந்தாண்ட நிறுத்தி, ரோப் போட்டு கொட்டாய்க்கு இழுத்துட்டேன்."

"ஃபயர் சர்வீசுக்குச் சொல்லல?"

"ஃபாரஸ்ட்டுக்காரங்க வருவாங்க. நானே எட்துட்லாம்னு... இன்னிக்கு எட்துடலாம், நாளைக்கு எட்துடலாம்னு..."

"அவரு ஓடிப்போயிட்டாருன்னு அவரு பொண்டாட்டிகிட்ட சொன்னீங்களே!"

பூமாலை துணி சுற்றிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். எழில்மதி அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை.

"அண்ணா, இங்க சிக்னல் இல்ல. வேனாண்ட இருக்கு. ஓடுங்க."

பகலவன் ஓடினான். முள் கிழித்தது, செருப்பு ஒன்று கழன்றது. வேன் கதவைத் திறந்ததும் அம்சவள்ளி எழுந்து உட்கார்ந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்காரும்மா" என்றான். "மண்ணுக்குள்ள இருக்காரு."

அவள் அலறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேனிலிருந்து குதித்து, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

தீயணைப்புக்கும் நூற்றெட்டு ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் பேசினான். வண்டிகள் கிளம்புவதாகச் சொன்னார்கள். ஆனால் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, அதை வெட்டி அகற்றிவிட்டுத்தான் ஏற முடியும் என்றார்கள். வெள்ளிமலைப் பக்கம் வானம் கறுத்துத் திரண்டிருந்தது. இன்னொரு மழை விழுந்தால் மிச்சச் சரிவும் இறங்கும்.

திரும்பி வந்தபோது அம்சவள்ளி குழாயில் வாயை வைத்திருந்தாள். "நான்தாங்க. அம்சு."

குழாயின் உள்ளேயிருந்து, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. "நீ எப்பிடி... அவங்களோடவே வந்துட்டியா?"

"யாரோடங்க?"

பதில் வரவில்லை. இருமல் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"அண்ணா," என்றாள் எழில்மதி. "எவ்ளோ சீக்கிரம் முடியும்?"

"முழு வயரிங் பண்ண ரெண்டு நாளு. ஓட வைக்க மூணு வயரு போதும்."

கொட்டகைக்கு ஓடினார்கள். பூமாலை போனில் கேட்டதால் கொண்டு வந்திருந்த புது பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாட்டினார்கள். வெந்த கற்றையைப் பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இரும்பு வெட்டும் கட்டரால் அதை மொத்தமாக அறுத்து எறிந்தான். ஸ்டார்ட்டருக்கு ஒரு வயர். டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கு ஒன்று. இரும்புக் கைகளின் பூட்டைத் திறக்க ஒன்று. எழில்மதி அவன் கேட்பதற்கு முன்பே நீளம் பார்த்து வெட்டிக் கொடுத்தாள், முனை உரித்துக் கொடுத்தாள். அவள் கட்டைவிரல் அறுபட்டு ரத்தம் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள், வேலையை நிறுத்தவில்லை.

பூமாலை பக்கத்தில் நின்று பதறினார். "ஃப்யூஸெல்லாம் எதுக்குய்யா இப்ப? நேரா குடு!"

"நேரா குடுத்துதான் இந்தக் கதி" என்றான் பகலவன், தலையைத் தூக்காமலே. "தள்ளி நில்லுங்க."

சாவியைத் திருப்பினான். டிக் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி டிக்.

"இன்னாண்ணா?"

"தெரியல." அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வயராக மனத்துக்குள் நடந்து போனான். மூன்றும் சரி. போன மின்சாரம் திரும்பி வர வேண்டுமே? எர்த். பேட்டரியின் எர்த் வயரை இன்ஜின் உடம்பில் முடுக்கியிருந்தான். அந்த உடம்பு முழுக்க வெந்த பெயிண்ட், கரி. அரத்தை எடுத்து, இரும்பு வெள்ளையாகப் பல்லிளிக்கும்வரை தேய்த்தான். முடுக்கினான். சாவியைத் திருப்பினான்.

லோடர் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. இரும்புக் கைகள் மெல்ல எழும்பின.

பகலவன் சிலுவை போட்டான், விபூதி இடுவதுபோல் நெற்றியைத் தொட்டான், எந்தச் சாமியையும் விடவில்லை. பிறகு, பழுது பார்த்த வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்த பழைய பழக்கத்தில், பாறைகளுக்கு நடுவே ஓட்டினான்.

எழில்மதி சரிவைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். மண் அசைந்தால் கையைத் தூக்குவாள், அவன் பின்னால் வந்துவிட வேண்டும். நேராக அடியில் குடைந்தால் மேல்மண் இறங்கும் என்பதால் பக்கவாட்டிலிருந்து வழித்து வழித்து எடுத்தான். ஒரு பக்கெட், பின்னால் திரும்பு, கொட்டு, மறுபடி முன்னால். அவள் கையைத் தூக்கினாள். பின்னால் பாய்ந்தான். அவன் நின்றிருந்த இடத்தில் ஒரு வண்டி மண் வந்து விழுந்தது. எடுத்ததில் பாதி திரும்பி வந்துவிட்டது.

அம்சவள்ளி குழாயை விடவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள். தெருவில் யாருக்குக் கல்யாணம், வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது, ஆடு எத்தனை குட்டி போட்டது. பதில் எதுவும் வரவில்லை. அதற்காக அவள் நிறுத்தவில்லை.

முதல் தூறல் விழுந்தபோது லோடர் செத்தது.

பக்கெட் பாதி உயரத்தில் நின்றது. மேலேயிருந்து கூழாங்கற்கள் உருண்டு கூண்டின் மேல் தட்டின. "இறங்குங்க!" என்று கத்தினாள் எழில்மதி. பகலவன் இறங்கவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் தொட்டான். போயிருந்தது. அவசரத்தில் அவன் போட்ட வயர் இரும்புக் கைக்கும் உடம்புக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. அதை வெளியே இழுத்து, டேப்பைப் பல்லால் கிழித்துச் சுற்றி, வேறு ஃப்யூஸைச் சொருகினான். முதல் ஃப்யூஸ் கைநழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவது உட்கார்ந்தது.

இன்ஜின் பிடித்தது. இன்னும் சில பக்கெட் மண். பிறகு பக்கெட்டின் பல்லில் ணங்கென்று ஏதோ இடித்தது.

சிமெண்ட்.

லோடரை அப்படியே பின்னால் எடுத்து நிறுத்திவிட்டுக் குதித்தான். அதற்கு மேல் இரும்பைக் கொண்டு போகக்கூடாது. நான்கு பேரும் கையால் தோண்டினார்கள். பூமாலையின் கைத்துணி கழன்று, வெந்த உள்ளங்கை மண்ணில் தேய்ந்தது. அவர் நிறுத்தவில்லை. அவரை யாரும் நிறுத்தவும் இல்லை.

பைப்பின் விளிம்பில் தலை நுழையும் அளவு இருட்டு திறந்தது. அழுகிய சேற்று வாடை அடித்தது. அம்சவள்ளி யாரையும் கேட்காமல் அதற்குள் பாதி உடம்பை நுழைத்தாள். உள்ளே கையால் தடவித் தேடினாள்.

"சூடா இருக்காரு" என்றது அவள் குரல். "இழுங்க. என்னச் சேத்து இழுங்க."

அவளைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவளுடைய கைப்பிடியில் வீரமணி வந்தான். ஒரு கால் முறுக்கிக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது, கண்ணைத் திறக்க முடியாமல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூச்சு இருந்தது. சிமெண்ட் சாக்கை விரித்து அதில் கிடத்தி, பாறைகளுக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்தார்கள். அவர்கள் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது.

வண்டிகள் வந்தபோது நன்றாக நனைந்திருந்தார்கள். நூற்றெட்டு ஊழியர்கள் காலுக்குப் பலகை வைத்துக் கட்டினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் குனிந்தார். வீரமணி மேல் வந்த புகாரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர்தான். நிமிர்ந்து அம்சவள்ளியைப் பார்க்க அவரால் முடியவில்லை.

பூமாலை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவிலிருந்து கத்தினார். "சார், நான் அவனச் சாவ விடல! வேளா வேளைக்குக் கஞ்சி ஊத்தனேன். அவனையே கேளுங்க. வீரமணி, சொல்லுப்பா!"

"ஆமாங்க" என்றான் வீரமணி. குரல் காற்றாகத்தான் வந்தது. "ஊத்தனாரு. பொய்யில்ல."

"மண்ணு எப்பிடி சரிஞ்சிது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மழைங்க. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

பூமாலையின் முகத்தில் ஒரு நம்பிக்கை ஓடியது. பகலவன் பல்லைக் கடித்தான். எழில்மதி அவனுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"எத்தினி நாள் உள்ள இருந்தோம்னு தெரியுமாப்பா உனக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரமணி கண்ணை மூடியபடியே யோசித்தான்.

"தெரியலங்க. ஒரே நாளுன்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு தடவ கஞ்சி ஊத்தும்போதும் கேட்டேன், ஃபயர் சர்வீஸ் வருதாங்கன்னு. கிளம்பிட்டாங்க, மலை ஏறிக்கினு இருக்காங்கன்னாரு. மறுபடி கேட்டா மறுபடியும் அதான் சொன்னாரு." மூச்சு வாங்கினான். "நானும் நம்பிக்கினு இருந்தேங்க. பெரிய மலைல்ல, ஏற நேரமாவும்னு."

தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். பூமாலை தலையைக் குனிந்துகொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே ஜீப்பை நோக்கி நடந்தார்.